அப்பாவின் சுருட்டுக் கோட்டு

சாரல் காலத்தில் குற்றாலத்தில் துணி காயாது. இதை நம் வயதுக்காரர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. இப்போது உள்ளவர்கள் காரில் வந்து, குளித்து, சுடச்சுட பஜ்ஜி தின்று, மத்தியானத்துக்குள் ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. நாம் அப்படியா? ஆனி பிறந்ததும் ஒரு வீடு பிடித்து, அண்டா குண்டா சகிதம் மாட்டு வண்டியில் குடி போவோம். கொடியில் போட்ட சேலை மறுநாளும் ஈரமாகவே தொங்கும். சட்டியில் கரி நெருப்புப் போட்டு, மேலே கூடையைக் கவிழ்த்து, அதன் மேல் துணியை விரித்து உலர்த்துவார்கள். அந்தப் புகை வாசத்தோடுதான் ஒரு மாதம் உடுத்தியிருப்போம்.

நான் சொல்ல வந்தது அருவியைப் பற்றி அல்ல. அருவியைப் பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சொல்ல வந்தது ஒரு கோட்டைப் பற்றி. கறுப்பு அல்பாகாக் கம்பளிக் கோட்டு, என் அப்பாவுடையது. யுத்தத்துக்கு முந்தின கதை. அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வயிறு எரிகிறது.

அந்தக் காலத்தில் சுருட்டு குடிக்காத ஆண்பிள்ளை குறைவு. கொண்டுபோவதற்கு ஆளுக்கு ஒரு வசதி வைத்திருப்பார்கள். வண்டிக்காரர் தலைப்பாகை மடிப்பில் செருகியிருப்பார். தோப்புக் காவல்காரர் பாதி குடித்து அணைத்ததைக் காதில் வைத்திருப்பார். வயலில் வேலை செய்கிறவர்கள் மடியில் சொருகி, குனிந்து நிமிர்ந்ததில் அது ஒடிந்துபோனால் எச்சில் தொட்டு ஒட்டிக் குடிப்பார்கள். பெரிய மனிதர்களிடம் வெள்ளியில் மூடி போட்ட குழாய் இருக்கும். அப்பாவுக்கு இதில் ஒன்றும் சரிப்படாது. அவருக்கு ஓர் அண்ணன் இருந்தார்.

என் பெரியப்பாவைச் சொல்கிறேன். எங்கள் தென்காசி வீடு, வயல், தோப்பு எல்லாம் அவர் சொல்லில்தான் நடந்தது. அப்பா வக்கீல். முன்சீப் கோர்ட்டில் அவர் எழுந்து நின்றால் சாட்சிக்காரனுக்குத் தன் பெயரே மறந்துபோகும் என்பார்கள். அப்பேர்ப்பட்டவர் வீட்டுக்குள் நுழைந்து அண்ணன் முன்னால் வந்ததும் மேல்துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பார். கேட்ட கேள்விக்கு மட்டும் பதில். அண்ணன் எதிரில் தம்பி புகை விடுவது அப்போதெல்லாம் செருப்பால் அடிப்பதற்குச் சமம். எங்கள் வீட்டில் அதற்கும் மேலே ஒன்று இருந்தது. அவர்களுடைய அப்பா, என் தாத்தா, சுருட்டு குடித்துக் குடித்து, இருமி இருமி, பெரியப்பாவின் மடியில் செத்தவர். அன்றைக்கே பெரியப்பா சொல்லிவிட்டாராம்: "இனிம இந்த வீட்டு வாசலுக்குள்ள சுருட்டு வந்தா, கொண்டாந்தவன் வெளிய போயிரணும். எவனா இருந்தாலும் சரி."

பெரியப்பா சொன்னால் சொன்னதுதான். அப்பாவும் குடிக்கிறதை விடுகிறவர் இல்லை. கோர்ட்டுக்குப் போகிற வழியில் ஒன்று, வருகிற வழியில் ஒன்று, செங்கோட்டை ரோட்டுப் பாலத்தில் உட்கார்ந்து ஒன்று. வாயில் ஏலக்காயைப் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வருவார்.

அதற்குத்தான் மாமா வந்து சேர்ந்தார்.

மாமா அம்மாவின் உடன்பிறப்பு. ஒரே ஆள். கொழும்பில் துரைமார்களுக்குத் தைக்கிற ஒரு கடையில் சில வருஷம் இருந்துவிட்டு, ஒரு தையல் மிஷினோடு ஊர் திரும்பி, தென்காசியில் ரதவீதியில் கடை போட்டிருந்தார். வெற்றிலையில் சிவந்த வாய். சிரித்தால் கண் மூடிக்கொள்ளும். நான் போனால் வெட்டு மிச்சத் துணிகளை மடியில் அள்ளிப் போடுவார். எனக்கு அவர் மேல் உயிர்.

அப்பா ஒரு நாள் என்னைக் கையில் பிடித்துக்கொண்டு அந்தக் கடைக்குப் போனார். கோட்டைக் கழற்றி மிஷின் மேல் போட்டுவிட்டு, கோர்ட்டில் பேசுகிற மாதிரியே பேசினார். சுருட்டு வெளியே தெரியக் கூடாது. வாசம் வரக் கூடாது. சாரலில் நமுத்துப் போகக் கூடாது. "அப்புறம் மச்சான், அண்ணாச்சி கால்ல விழணும்லா. நல்ல நாள் பொல்ல நாள்னு எத்தன தடவ விழுதேன். விழுந்து எந்திரிச்சா ஒடஞ்சிருக்கக் கூடாது."

மாமா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து, "குடிக்கத விட்டுட்டா கோட்டு தானா சரியாயிரும் அத்தான்" என்றார்.

"அதுக்கு ஒம்மட்ட ஏன் வாரேன்" என்றார் அப்பா.

மாமா தைத்ததை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். நெஞ்சுப் பக்கம் வைத்தால் விழும்போது நசுங்கும் என்று, கோட்டின் உள்பக்கம் அக்குளிலிருந்து இடுப்புக்குச் சாய்வாக, விலாவை ஒட்டி, விரல் தடிமனுக்கு வரிசையாகச் சின்னச் சின்னப் பைகள். போலீஸ்காரர் தோட்டா செருகுகிற பட்டை மாதிரி இருக்கும். ஒவ்வொன்றுக்கும் உள்ளே மெழுகுத் துணி. மேலே ஒரு நாக்கு, அதற்கு ஒரு சிப்பிப் பொத்தான். பட்டை முழுவதையும் மூடி ஒரு சாட்டின் துணி. காலருக்கு அடியில் வெட்டிவேர் வைக்க ஒரு பொட்டலப் பை. அப்பாவுக்குப் பீச்சாங்கைப் பழக்கம். சாப்பாடு மட்டும் அடித்துத் திருத்தி வலது கைக்கு மாற்றியிருந்தார்கள். மற்றதற்கெல்லாம் இடது கைதான். அதனால் பைகளை மாமா வலது பக்கம் வைத்தார். இடது கை நேரே உள்ளே போகும், பொத்தானை அவிழ்க்கும், சுருட்டோடு வெளியே வரும்.

தைத்து முடிந்த அன்றைக்குக் கடைக் கதவைச் சாத்திக்கொண்டு பரீட்சை வைத்தார்கள். பைகளில் யாழ்ப்பாணச் சுருட்டுகளை நிரப்பிக்கொண்டு அப்பா நெடுஞ்சாண்கிடையாகத் தரையில் விழுந்தார். மாமா பெரியப்பா மாதிரி விறைப்பாக நின்று, "நல்லா இரு" என்று கையைத் தூக்கினார். அப்பா எழுந்து ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். ஒன்றுகூட ஒடியவில்லை. நாங்கள் மூன்று பேரும் அன்றைக்குச் சிரித்த சிரிப்பு எனக்கு இன்னும் கேட்கிறது. அதற்கப்புறம் நாங்கள் மூவரும் சேர்ந்து சிரித்ததாக ஞாபகம் இல்லை.

அந்த நாளிலிருந்து நான் அப்பாவின் கூட்டாளி. வெட்டிவேர் மாற்றுவது என் வேலை. குற்றாலத்தில் அப்பா எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குள் போகும்போது கோட்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதும் என் வேலை. என் வயதுப் பெண்பிள்ளைகளில் அப்பாவின் இரகசியத்தைக் கையில் வைத்திருந்தவள் நான் ஒருத்திதான் என்று நினைப்பேன். பாலத்தில் உட்கார்ந்து புகை விட்டுக்கொண்டே அப்பா என்னோடு சாட்சி விளையாட்டு விளையாடுவார். நான் கூண்டில் நிற்கிற சாட்சி. அவர் குறுக்கே கேட்பார். "பாத்தேன்னு சொன்னா எங்கன நின்னு பாத்தேன்னு சொல்லணும். பாக்காதத பாத்தேன்னு சொல்லக் கூடாது. பாத்தத மாத்திச் சொல்லக் கூடாது. கேட்டியாட்டி?" நான் கேட்டுக்கொண்டேன். நன்றாகவே கேட்டுக்கொண்டேன்.

அம்மாவைச் சொல்ல வேண்டும். அப்பா குடிக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். பெண்டாட்டிக்குத் தெரியாமல் எந்த வாசம் மறையும்? ஆனால் கோட்டுக்குள் என்ன இருக்கிறது என்பது தெரியாது. அம்மா பெரியப்பாவின் எதிரே வரமாட்டாள், அவரிடம் பேசவும் மாட்டாள். புருஷனின் மூத்தவர் முன்னால் அப்படித்தான் இருக்க வேண்டும். கதவுக்குப் பின்னால் நின்று என்னிடம் சொல்லுவாள், நான் இந்தப் பக்கம் சத்தமாகச் சொல்லுவேன். நடுவில் இருப்பது ஒரு கதவு. அம்மா சொல்வது பெரியப்பாவுக்கு நன்றாகவே கேட்கும். இருந்தாலும் நான் சொல்லி முடிக்கிற வரைக்கும் கேட்காதவர் மாதிரி உட்கார்ந்திருப்பார்.

பெரியம்மா சின்ன வயதிலேயே போய்விட்டாள். அவள் மகளை, என் அக்காவை, அம்மாதான் வளர்த்தாள். அக்காவுக்கும் மாமாவுக்கும் முடிச்சுப் போட வேண்டும் என்பது அம்மாவின் ஆசை. முறைதான். பொருத்தம்தான். அவர்கள் இரண்டு பேருக்கும் பிடித்திருந்தது என்பது எனக்கே தெரியும் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். மாமா ஒரு தடவை அக்காவுக்கு ரவிக்கை தைத்துக்கொண்டு வந்தார். அளவு ரவிக்கை யாரும் கொடுத்தனுப்பவில்லை, நாடா வைத்து யாரும் அளக்கவும் இல்லை. போட்டுப் பார்த்தால் ஒரு நூல் கூடுதல் குறைச்சல் இல்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு சிரித்தாள். அக்கா அன்றைக்கு முழுவதும் அடுக்களையை விட்டு வெளியே வரவில்லை.

பெரியப்பா அந்த வருஷம் காசிக்குப் போனார். தென்காசியில் குடியிருந்துகொண்டு காசிக்குப் போவானேன் என்று நான் கேட்டு அடி வாங்கினேன். போவதற்கு முன்னால் அப்பாவைக் கூப்பிட்டு, "ஒன் மச்சினன் விஷயம் யோசிச்சேன். சுருட்டு, சீட்டு ரெண்டும் இல்லாதவனா இருந்தாப் போதும். காசிக்குப் போய்ட்டு வந்து கையோட சொல்லுதேன்" என்றார். மாமா இரண்டையும் தொடாதவர். அதனால் அம்மா அன்றைக்கே பாயசம் வைத்துவிட்டாள். அந்த வருஷம் நாங்கள் குற்றாலத்துக்குக் குடி போனதும் அந்தச் சொல்லுக்காகக் காத்துக்கொண்டுதான்.

சாரல் அந்த வருஷம் அளவுக்கு மீறியது. மெழுகுத் துணியையும் மீறி ஈரம் இறங்கி, கோட்டின் உள்துணி பூசணம் பிடித்தது. மாமா கோட்டை வாங்கிக்கொண்டு போய் உள்பக்கத்தைப் பிரித்து, புதுத் துணி வைத்துத் தைத்து, ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்தார். வந்த அன்றைக்குச் சாயங்காலமே அப்பா பைகளை நிரப்பிக்கொண்டார்; காய்ச்சலில் படுத்திருந்ததால் நான் அதைப் பார்க்கவில்லை.

மறுநாள் காலையில் அப்பாவும் மாமாவும் எண்ணெய் தேய்த்துக்கொண்டு அருவிக்குப் போனார்கள். எனக்கு இன்னும் லேசாகக் காய்ச்சல், அதனால் என்னை விட்டுவிட்டுப் போனார்கள். கோட்டு ஆணியில் தொங்கியது. அந்த நேரத்தில் வாசலில் ஜட்கா வண்டி வந்து நின்றது. பெரியப்பா. தென்காசி ஸ்டேஷனில் இறங்கி நேரே வந்திருக்கிறார். கையில் கங்கைச் சொம்பு. ஜட்காவின் கூரை ஒழுகி ஆளும் பெட்டியும் நனைந்து, பல் கிட்டி உடம்பு நடுங்குகிறது. அக்கா வேட்டி எடுத்துக் கொடுத்துவிட்டு அடுப்படிக்கு ஓடினாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து அம்மா, "சுக்குக் காப்பி கொண்டாரட்டுமான்னு கேளு" என்றாள்.

"சுக்குக் காப்பி கொண்டாரட்டுமான்னு அம்மா கேக்கா."

"கொண்டாரச் சொல்லு."

"கொண்டாரச் சொல்லுதாவ."

போர்வையெல்லாம் கூடை மேல் பாதி ஈரத்தில் கிடந்தது. வீட்டில் முழுசாகக் காய்ந்திருந்த துணி அந்தக் கோட்டு ஒன்றுதான். அம்மா அதை ஆணியிலிருந்து எடுத்து என் கையில் திணித்தாள். "பெரியப்பாட்ட குடு. போட்டுக்கிடச் சொல்லு. பாவம், வெறச்சுப் போயி வந்திருக்காவ."

நான் கோட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "வேண்டாம்மா" என்றேன். "என்னட்டி வேண்டாம்? குளிருல நடுங்குதவருக்குக் குடுக்கதுக்கு ஒனக்கென்ன?" என்று முதுகில் ஒன்று வைத்துத் தள்ளினாள். அவளிடம் காதோடு சொல்லியிருக்கலாம் என்பீர்கள். அப்பாவின் இரகசியத்தை நான் எப்படிச் சொல்வேன்? பெரியப்பா கையை நீட்டி வாங்கிப் போட்டுக்கொண்டார்.

அவர் காப்பி குடித்தார். காசியில் ஏதாவது ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டுமே, தான் பாகற்காயை விட்டுவிட்டதாகச் சொன்னார். பாகற்காயை அவர் என்றைக்கும் தின்றதில்லை. கோபத்தை விட்டிருக்கலாமே என்று அடுப்படியில் அக்கா முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். உடம்புச் சூடு ஏற ஏற, வெட்டிவேரைத் தாண்டி அந்த வாசம் மெல்ல எழுந்தது. பெரியப்பா மூக்கை உறிஞ்சினார். அக்கம் பக்கம் பார்த்தார். குளிருக்காகக் கைகளைக் குறுக்கே கட்டி அக்குளுக்குள் விட்டவர், அப்படியே நின்றுவிட்டார். பிறகு சாட்டின் துணியை விலக்கி, பொத்தானை அவிழ்த்து, சுருட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் காலி டம்ளர் பக்கத்தில் வைத்தார்.

அப்போதுதான் ஈரத் துண்டோடு அப்பாவும் மாமாவும் வாசலில் ஏறினார்கள். அப்பா அண்ணனைப் பார்த்தார், அண்ணன் மேல் இருந்த கோட்டைப் பார்த்தார், தரையில் இருந்ததைப் பார்த்தார். காசியிலிருந்து வந்தவர் காலில் விழ வேண்டும், அதனால் விழுந்தார். எழுந்திருக்கக் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொண்டார். கேஸுக்கு வழி தேட அவருக்கு அந்த நேரம் போதும்.

"இது யாரு கோட்டு?" என்றார் பெரியப்பா.

"கோட்டு என்னோடதுதான் அண்ணாச்சி. ஆனா ஒரு வாரமா மச்சான்ட்ட இருந்துச்சு. நேத்துதான் வந்துச்சு. உள்ள என்ன இருக்குன்னு நான் பாக்கல." அப்பா குனிந்து ஒரு சுருட்டைத் தொடாமல் பார்த்தார். "யாழ்ப்பாணச் சுருட்டுல்லா இருக்கு. கொழும்புல இருந்தவுக குடிக்கது."

மாமா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவர் அப்பாவைப் பார்த்தார். அப்பா அவரைப் பார்க்கவில்லை.

எனக்கு அப்பா விளையாடுகிறார் என்றுதான் முதலில் தோன்றியது. யாரும் சிரிக்கவில்லை என்றதும்தான் விளங்கியது. நான் முன்னால் போய் நின்று, "இல்ல பெரியப்பா. சுருட்டு அப்பாவோடது. மாமா வெத்தலைதான் போடுவாவ" என்றேன்.

அப்பா கோபப்படவில்லை. அதுதான் அவர் கெட்டிக்காரத்தனம். என் உயரத்துக்குக் குந்தி உட்கார்ந்து, பாலத்தில் விளையாடும்போது சிரிக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார்.

"சரிட்டி. நீ பாத்தியா?"

"பாத்தேன். தெனமும் பாப்பேன்."

"தெனமும்னா நேத்து பாத்தியா?"

"நேத்து பாக்கல."

"அதுக்கு முந்துன நாளு?"

"அப்பம் கோட்டு மாமாட்ட இருந்துச்சு."

"அப்பம் கோட்டு மாமாட்ட இருந்துச்சு. சரி. போன வாரம் கூடையில இருந்த மங்குஸ்தான் பழத்த யாரு தின்னா?"

நான் அம்மா நின்ற கதவைப் பார்த்தேன்.

"பூனை தின்னுச்சுன்னு சொன்னது யாரு?"

"நாந்தான்."

"பூனை மங்குஸ்தான் திங்குமாட்டி?"

பெரியப்பாவின் உதடு கோணியது. சிரிப்பா கோபமா தெரியவில்லை. எனக்குக் கண்ணில் தண்ணீர் முட்டியது. எனக்கும் அப்பாவுக்கும் மட்டும் தெரிந்த பொய் அது. என் காதைத் திருகிச் சிரித்துவிட்டு, யாரிடமும் சொல்லமாட்டேன் என்று சொன்னவர் அவர்தான். அதை எடுத்துவைத்திருந்து இந்த இடத்தில் எனக்கு எதிராகப் போட்டார்.

அழுதுகொண்டே நான் பெரியப்பாவிடம் போய்க் கோட்டைப் பிடித்து இழுத்தேன். "பை எந்தப் பக்கம் இருக்குன்னு பாருங்க பெரியப்பா. வலது பக்கம் இருக்கு. இடது கையாலதான் எடுக்க வரும். மாமாவுக்குச் சோத்தாங்கைப் பழக்கம். பீச்சாங்கை அப்பாவுக்குத்தான்."

பெரியப்பா மெதுவாகத் தன் இடது கையைத் தூக்கி உள்ளே விட்டார். அது நேரே பையில் போய் நின்றது. அவர் கையை எடுக்காமல் தம்பியைப் பார்த்தார். அப்பாவின் சிரிப்பு போய்விட்டது. நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

கதவு திறந்தது. அம்மா வெளியே வந்தாள். தலைப்பைத் தோளோடு போர்த்திக்கொண்டு, பெரியப்பாவுக்கு நேரே, இரண்டு அடி தள்ளி நின்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அப்படி நின்றதில்லை. அவள் குரலை அவரிடம் கொடுத்ததும் அன்றைக்கு ஒரு தடவைதான்.

"சின்னப் பிள்ள அப்பா மேல உள்ள பயத்துல என்னமோ உளறுதா அத்தான். என் கூடப்பொறந்தவன் கொழும்புலயே இதப் பழகிட்டான். எனக்குத் தெரியும். நாந்தான் உங்கட்ட மறச்சேன்."

பொய்யில் அவள் கை தேர்ந்தவள் இல்லை. அப்பா மேல் பயம் இருந்தால் நான் ஏன் அப்பாவுக்கு எதிராகப் பேசுகிறேன்? அந்த ஒரு கேள்வியை யாராவது கேட்டிருந்தால் போதும். வக்கீல் வீட்டில் அதைக் கேட்க ஆள் இல்லை.

பெரியப்பா வாசற்படியில் நின்ற மாமாவைப் பார்த்து, "தம்பி, அப்படியா?" என்றார்.

மாமா குனிந்து துண்டைப் பிழிந்துகொண்டிருந்தார். "ஆமா, என்னோடதுதான்" என்றார்.

பெரியப்பா கோட்டைக் கழற்றி மடித்து வைத்தார். சத்தம் போடவில்லை. "சாப்ட்டுட்டுப் போங்க தம்பி" என்றார். அந்த மரியாதைக்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குத் தெரியும்: கல்யாணப் பேச்சு அதோடு முடிந்தது. மாமா உட்கார்ந்து சாப்பிட்டார். அக்காதான் பரிமாறினாள். அவர் போதும் என்று கையைக் குறுக்கே காட்டிய பிறகும் அவள் சோற்றை வைத்துக்கொண்டே இருந்தாள்.

பெரியப்பா என் பேச்சை நம்பவில்லை என்றுதான் வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. கை உள்ளே போன நிமிஷமே அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. தம்பியை வெளியே அனுப்பவேண்டும், இல்லை தன் சொல்லை விடவேண்டும். அம்மா வந்து மூன்றாவதாக ஒரு வழி காட்டினாள். அவர் அதில் நடந்துகொண்டார். பாகற்காயை விட்டவர்தானே.

அன்றைக்குச் சாயங்காலம் அப்பா ஒரு மடி நிறைய மங்குஸ்தான் வாங்கிவந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் திரும்பிப் படுத்துக்கொண்டேன். பழத்தின் ஓட்டை உடைத்து வெள்ளைச் சுளையை என் வாய்ப்பக்கம் நீட்டி, "நல்ல சாட்சிட்டி நீ. பீச்சாங்கை விஷயத்த நான் எதிர்பாக்கவே இல்ல. கோர்ட்டுல ஒன்ன மாதிரி ஒருத்தி ஏறி நின்னா என் கேஸு போயிருக்கும்" என்றார். பாராட்டினார். மனசாரப் பாராட்டினார். என்னைச் சமாதானப்படுத்த அது போதும் என்று நினைத்தார். அவர் செத்த அன்றைக்கு எனக்கு அழுகை வராமல் போனதற்கு அந்தச் சாயங்காலம்தான் காரணம்.

மாமா மிஷினை விற்றுவிட்டு மறுபடியும் கொழும்புக்குக் கிளம்பினார். தென்காசி ஸ்டேஷனுக்கு அம்மா போகவில்லை, நான் ஓடினேன். "நீங்க ஏன் மாமா பொய் சொன்னிய?" என்று சட்டையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன்.

"ஒங்க அம்மைக்கு அந்த வீடுதானம்மா இருக்கு. ஒங்க அப்பாவ வெளிய அனுப்பிச்சா அவ எங்க போவா? எனக்குக் கடல் தாண்டி ஒரு எடம் இருக்கு."

ரயில் போன பிறகும் நான் அவர் மேல் கோபப்படவில்லை. எல்லோரும் சேர்ந்து ஏமாற்றிய ஒரு நல்ல மனிதர் என்றே மனதில் வைத்துக்கொண்டேன். அவர் ஊர் திரும்பவே இல்லை.

அக்காவைத் திருவேங்கடம் என்கிற ஊர்ப் பக்கம் கட்டிக் கொடுத்தார்கள். கரிசல் காடு, பருத்தி, குடிக்கிற தண்ணீருக்கு நெடுந்தூரம். மாப்பிள்ளைக்குச் சுருட்டு இல்லை, சீட்டு இல்லை, ஒரு கெட்ட பழக்கம் இல்லை. பேசுகிற பழக்கமும் இல்லை. அப்பாவின் காரியம் முடிந்த பிறகு நான் அவளைப் பார்க்கப் போனேன். இரண்டு பேருக்கும் தலை நரைத்துவிட்டது. முற்றத்தில் உட்கார்ந்து பருத்தியில் தூசி பொறுக்கிக்கொண்டிருந்தாள். நானும் உட்கார்ந்து பொறுக்கினேன். ஒரு முறம் பொறுக்கி முடித்ததும், அந்தக் கோட்டு விஷயத்தில் மாமா மேல் ஒரு தப்பும் கிடையாது, சுருட்டு அப்பாவுடையது, அம்மா சொன்னது பொய், மாமா அம்மாவுக்காகத்தான் அதை ஏற்றுக்கொண்டார் என்று எல்லாவற்றையும் சொன்னேன். அத்தனை வருஷம் நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கிவைத்துவிட்டதாக நினைத்தேன்.

அக்கா ஒரு பஞ்சைப் பிரித்துப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இதச் சொல்லவா இவ்வளவு தூரம் வந்தே? எனக்கு அன்னைக்கே தெரியுமேட்டி. கதவுக்கு அங்கன நாந்தானே நின்னேன்."

அவள் அடுத்த பஞ்சை எடுத்தாள்.

"சுருட்டு யாரோடதுன்னு எல்லாரும் அம்புட்டு நேரம் பேசினிய. நீயுந்தான் பேசினே. ஒருத்தராவது என்ட்ட ஒரு வார்த்த கேட்டியளா? அவரு சுருட்டு குடிச்சாலும் எனக்குச் சம்மதந்தான்னு சொல்லணும்னு நின்னேன். கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னேன். அவரு ஒரு தடவ இந்தப் பக்கம் பாத்திருந்தா நானும் ஒங்க அம்மை மாதிரி வெளிய வந்திருப்பேன்." பொறுக்கிய தூசியை முறத்திலிருந்து தட்டினாள். "பாக்கலியே. துண்டைப் பிழிஞ்சிக்கிட்டுல்லா நின்னாரு."